சீறாத வால்வு

போன குளிர்காலம், லண்டனில் நான் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் ஒரு சேற்றுக் கலவையைச் செலுத்துவார்கள். தண்ணீர், களிமண், எடை கூட்டுவதற்கு பேரைட் என்ற கனமான கல்தூள். அந்தத் தூளை நைசாக அரைத்தால் என்ன ஆகும், கொரகொரப்பாக விட்டால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். நைஸ் தூள் என்றால் கலவை கூழ் மாதிரி கெட்டியாகும், ஆனால் தூள் எளிதில் கீழே இறங்காது. கொரகொரப்பு என்றால் மோர் மாதிரி ஓடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் போதும், தூள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். யார் கேட்டாலும் மூச்சுவிடாமல் விளக்குவேன்.

என் பார்ட்னர் தெற்கு லண்டனில் மோர்டன் பகுதிப் பையன், யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் திருச்சி. கலவையை இரும்புக் குடுவையில் அடைத்து, கொதித்துவிடாமல் இருக்க உள்ளே வாயுவை அழுத்தமாக ஏற்றி, ராத்திரி முழுக்க ஓவனில் வைப்போம். காலையில் எடுத்து, மூடி சீக்கிரம் ஆறட்டுமே என்று தண்ணீர் வாளியில் தலைகீழாக நிறுத்துவோம். யாரும் சொல்லித்தரவில்லை, நாங்களே கண்டுபிடித்த குறுக்குவழி. அதுவரை செய்ததெல்லாம் நைஸ் தூள்தான். மூடியிலிருக்கும் வால்வைத் திறந்தால் உஸ்ஸென்று வாயு வெளியேறும். பிறகு மூடியைக் கழற்றுவோம்.

அன்றுதான் முதல் கொரகொரப்புக் குடுவை. வாளியிலிருந்து எடுத்து நிமிர்த்தி, வால்வைத் திறந்தேன். சத்தமே இல்லை.

"காஸ் எல்லாம் முதலே போயிட்டுது மச்சான். தள்ளு, நான் கழட்டுறன். ஈஸ்ட் ஹாம் கடைக் கொத்து ரொட்டி எங்களுக்காகக் காத்திருக்காது."

ஸ்பேனரால் மூடியின் ஒரு திருகைத் தளர்த்திவிட்டான். அடுத்தது அசையவில்லை. முகத்தை மூடிக்கு நேராக வைத்துக்கொண்டு முக்கினான்.

அடியில் எவ்வளவு தூள் இறங்கியிருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அடி என்றால் எது? வாளியில் இவ்வளவு நேரம் அடியாக இருந்தது மூடி! வால்வு!

"டேய், கையை எடு!"

"ஏன்டா கத்துறாய்?"

"வால்வு தூளால அடைச்சிருக்கு. ப்ரெஷர் அப்படியே உள்ள இருக்கு!"

"திருச்சிக்காரருக்குச் சத்தம் வந்தாலும் பயம், வராட்டிலும் பயம்" என்று சிரித்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஸ்பேனர் தரையில் விழுந்தது.

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டதும் எங்களை வெளியே அனுப்பினார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு திருகு தளர்ந்த குடுவை. அதன் பக்கத்தில் இப்போது அவர் போகவேண்டும், எங்களால். தடித்த கண்ணாடித் தடுப்பை இழுத்து வைத்து, அதன் பின்னால் நின்றபடி நீளமான மெல்லிய கம்பியால் வால்வைக் குத்தினார். ஒரு முறை. இன்னொரு முறை.

டப்!

சாம்பல் நிறச் சேறு தடுப்பில் அறைந்து வழிந்தது. நண்பன் முகம் இருந்த அதே உயரம்.

பிறகு, "அம்மாட்டச் சொல்லிப்போடாதை" என்றான் அவன். கொத்து ரொட்டி வாங்கினோம். இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

தூள் இறங்கும் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்த எங்களுக்கு, அது எங்கள் கையிலிருக்கும் குடுவையிலும் இறங்கும் என்று மட்டும் தோன்றவில்லை. இன்றும் எதையாவது திறக்கப்போகும்போது சத்தம் வரவில்லையே என்று மனசு நிம்மதியானால், என் கை அங்கேயே ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது.