இரண்டு கைப்பிடி அவித்த மா

1990ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடந்தது இது. கொழும்பிலிருந்து வந்த விமானத்தில் என் மனைவி வந்திறங்கினாள். கலியாணம் முடிந்த மூன்றாம் மாதம் அவளை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு லண்டன் வந்தவன் நான். அதன் பிறகு நாலு வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. டெலிபோனில் குரல் கேட்கக்கூட அப்போது வழியில்லை. அவள் அந்தக் கதவால் வெளியே வருகிற நிமிடத்தை நினைத்தே அத்தனை குளிர்காலத்தையும் கழித்தேன். அந்த நிமிடம் வந்தபோது நான் எங்கே இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முதல் என் வயிற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெட்கப்பட்டு ஒளித்தால் மிச்சக் கதை விளங்காது.

லண்டனில் வால்தம்ஸ்டோ என்ற பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டில், மேல்மாடிச் சின்ன அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். சொந்தமில்லை. சொந்தமாக இருந்திருந்தால் இவ்வளவு நன்றாகப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தேன். வந்து ஒன்றரை வருடத்தில் உடம்பு வற்றத் தொடங்கியது. எதைச் சாப்பிட்டாலும் வயிறு ஊதும், ஓடும். காற்சட்டை இடுப்பில் நிற்காது. வேலையிடத்துப் பெடியள் என்னை வைத்துப் பகிடி பண்ணினார்கள். "பெண்சாதியை நினைச்சு உருகிறாய் மச்சான். உன்ர வருத்தத்துக்கு மருந்து விசா தான்" என்பார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அதை அரைவாசி நம்பினேன். அவளை நினைத்து ஏங்கிக்கொண்டுதானே இருந்தேன். ஏக்கத்துக்கு இவ்வளவு வயிற்றோட்டம் வருமா என்று மட்டும் இடைக்கிடை யோசித்தேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள்ளால் குழாய் விட்டுப் பார்த்துச் சீலியாக் என்றார்கள். கோதுமை, வாற்கோதுமை, ரை என்ற தானியம் மூன்றிலும் குளூட்டன் என்று ஒரு பொருள் இருக்கிறதாம், என் குடலுக்கு அது ஆகாதாம். ஒரு துணுக்கும் வாயில் படக் கூடாது, உயிர் உள்ளவரை. மருந்து கிடையாது, சாப்பிடாமல் விடுவதுதான் மருந்து. சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித் தந்த வெள்ளைக்காரப் பெண், உங்கள் ஆட்கள் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். சோறு என்றேன். அப்படியென்றால் நீ அதிர்ஷ்டசாலி என்றார். நானும் அதிர்ஷ்டசாலி என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத்தார் எவ்வளவு தூரம் கோதுமைக்காரராக மாறிவிட்டோம் என்பது பிறகுதான் தெரிந்தது. காலையில் பாண், அதுதான் கோதுமை ரொட்டி. பிறந்தநாள் வீட்டில் ரோல்ஸும் பற்றிசும். இடியப்பம், புட்டு எல்லாவற்றிலும் அவித்த மா. கோதுமை மாவைத் துணியில் கட்டி, ஆவியில் அவித்து, கட்டி உடைத்து, சூட்டோடு அரித்துத் தகர ரின்னில் போட்டு வைப்பார்கள். அந்த ரின் இல்லாத குசினியை நான் லண்டனில் கண்டதில்லை. டொக்டர் எழுதிக் கொடுத்ததற்கு மருந்துக்கடையில் எனக்கென்று குளூட்டன் இல்லாத ஒரு பாண் தந்தார்கள், அதுவும் ரின்னில் அடைத்தது. அண்ணை ஒருநாள் பார்க்கில் அதை வாத்துக்குப் போட்டுப் பார்த்தார். வாத்தே யோசித்தது.

அதன் பிறகு தனியாகச் சோறு காய்ச்சி, அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டேன். கீழே அவர்கள் மேசையில் கோப்பை வைக்கிற சத்தமும் கதையும் சிரிப்பும் படியால் ஏறி வரும். இறங்கிப் போய் அவர்களோடு இருக்க வேண்டும் போல இருக்கும். சாப்பிடாமல் மேசையில் குந்திக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்குத் தொண்டையில் இறங்காது என்று போகமாட்டேன். அக்காவுக்கு அது பெரிய மனவருத்தம். "என்ர கையாலை ஒரு வாய் வாங்கிறாரில்லை" என்று அண்ணையிடம் சொல்லுவார். எங்கள் வீடுகளில் தந்த சாப்பாட்டை வேண்டாம் என்பது லேசான காரியமில்லை. இதற்குள் என்ன போட்டீர்கள் என்று துருவிக் கேட்பது அதைவிட மோசம். நானும் கேட்கக் கூச்சப்பட்டேன். தெரிந்தவர்களும் மெல்ல மெல்லக் கூப்பிடுவதை விட்டார்கள். நாலு வருடம் மனைவிக்காக ஏங்கினேன் என்றால், அதில் கடைசி ஒரு வருடம் யாராவது "வாரும், சாப்பிடும்" என்று கூப்பிடமாட்டார்களா என்றும் சேர்த்து ஏங்கினேன்.

மனைவி வருகிற அன்று மத்தியானம் அக்கா கீழிருந்து கூப்பிட்டார். "தம்பி, வாற பிள்ளைக்கு முன்னாலை வெறும் வயித்தோடை போய் நிக்கக் கூடாது. உமக்கெண்டு தனியா அரிசி மாப் புட்டு அவிச்சிருக்கிறன். மீன் குழம்பும் இருக்கு."

"அரிசி மா தானே அக்கா?"

"ஓம் தம்பி, நானே வறுத்து அரிச்ச மா."

அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. சிவப்பரிசி மாப் புட்டு, ஆவி பறந்தது. நான் மேசையில் இருந்தேன். அக்கா பக்கத்தில் நின்று அள்ளி அள்ளி வைத்தார். அண்ணை முன்னால் இருந்து, ஹீத்ரோவில் கார் விடுகிற கஷ்டத்தைப் பற்றிக் கதைத்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு வீட்டு மேசையில் ஆட்களோடு இருந்து சாப்பிடுகிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் குழம்பு உறைப்பு என்று சமாளித்தேன். இவ்வளவு மெத்தென்று அரிசி மாப் புட்டு சாப்பிட்டதேயில்லை என்று புகழவும் செய்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு.

அண்ணையின் பழைய டட்சன் காரில் மூன்று பேரும் புறப்பட்டோம். கொழும்பிலிருந்து வருகிற பிள்ளைக்கு நல்ல கோட் இராது என்று அக்கா தன்னுடைய தடித்த கோட்டை மடியில் வைத்திருந்தார். நோர்த் சேர்குலர் ரோட்டில் ஏறும்போது வயிறு பிசையத் தொடங்கியது. சொன்னேன். அண்ணை சிரித்தார். "மாப்பிள்ளைக்குக் கலியாணத்தண்டு வராத பயம் இண்டைக்கு வருது" என்றார். நானும் பதற்றம்தான் என்று நினைத்தேன்.

ஹீத்ரோவில் எங்கே நிற்பது என்பது எனக்கு முன்பே தீர்மானம். மற்றவர்களின் பெண்சாதிமாரையும் தம்பிமாரையும் கூட்டிவர எத்தனையோ தடவை துணைக்குப் போயிருக்கிறேன். வருகிறவர்கள் கதவால் வெளியே வந்ததும் தடுப்புக் கம்பியின் வலது மூலையில் உள்ள தூணடியைத்தான் முதலில் பார்ப்பார்கள். மற்றவர்களுக்காகப் போகும்போதெல்லாம் அந்த இடத்தை எனக்கென்று பார்த்து வைத்திருந்தேன். அங்கேயே போய் நின்றேன். விமானம் இறங்கிவிட்டது என்று போட்டார்கள். அந்த நேரம் பார்த்து உடம்பெல்லாம் குளிர் வியர்வை. கண் இருட்டியது.

"டொய்லெட்டுக்குப் போட்டு வாரும் தம்பி. பிள்ளை வெளியாலை வர இன்னும் நேரம் செல்லும்" என்றார் அக்கா. அவளை அடையாளம் காணட்டும் என்று, பேர்சில் இருந்த கலியாணப் படத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். நான் தள்ளாடுவதைக் கண்டு அண்ணையும் கூடவே வந்தார்.

பிறகு நடந்ததை விரித்துச் சொல்லப் போவதில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்குத் தெரியும், இது சாதாரண வயிற்றுக் குழப்பம் இல்லை. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போலக் குடலைப் பிழியும். வாந்தி, எங்கள் பேச்சில் சத்தி, ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். அப்போதுதான் எனக்குள் எங்கோ மா போய்விட்டது என்று விளங்கியது. எப்படி என்று யோசிக்கவும் தெம்பில்லை. எழும்பப் பார்ப்பேன், முழங்கால் மடங்கும். வெளியே அண்ணை கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். அவள் இப்போது சூட்கேசை எடுத்திருப்பாள், இப்போது நடந்து வருவாள் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. நாலு வருடத்தில் ஒருநாளும் அழாதவன், ஹீத்ரோவின் கழிப்பறைத் தரையில் இருந்துகொண்டு குழந்தை போல அழுதேன்.

அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, நான் நிற்க வேண்டிய தூணடியில் அவள் நின்றாள். அக்காவின் கோட்டைப் போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்து, "அக்கா, இவருக்கு இருக்க ஒரு கதிரை பாருங்கோ" என்றாள். அக்காவை அவளுக்குத் தெரிந்து ஐந்து நிமிடம்கூட இராது. பிறகு என்னிடம் மெதுவாக, "நீங்கள் வரேல்லையெண்டு நினைச்சிட்டன்" என்றாள்.

அவளிடம் சொல்வதற்கு நாலு வருடம் சேர்த்து வைத்திருந்த கதை எவ்வளவோ. என் வாயில் வந்தது, "கிட்ட வராதையும், சேட்டெல்லாம் சத்தி" என்பதுதான்.

கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தார்கள். என்ன சாப்பிட்டனீர் என்று அக்கா கேட்டார். உங்கள் புட்டைத் தவிர ஒன்றும் இல்லை என்றேன்.

"தம்பி, ரெண்டு கைப்பிடி அவிச்ச மா போட்டனான். தனி அரிசி மா எண்டால் கல்லு மாதிரி வரும். உமக்கு நல்லா இருக்கவேணும் எண்டுதான். அவிச்சால் அதிலை இருக்கிற அந்தச் சாமான் செத்துப் போடும் எண்டு நினைச்சன்."

அக்காவை மடைச்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். பச்சை மா வயிற்றுக்குப் பாரம், அவித்தால் லேசு என்பது எங்கள் குசினிகளின் நம்பிக்கை. காய்ச்சல்காரருக்கும் அவித்த மா இடியப்பம் கொடுக்கிற ஆட்கள் நாங்கள். குளூட்டனை அவர் கிருமி மாதிரி ஏதோ என்று நினைத்துவிட்டார். அண்ணை அத்தனை சனத்துக்கு முன்னால் அவரை ஏசத் தொடங்கினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். லண்டன் மண்ணை இன்னும் சரியாக மிதிக்காத என் மனைவி அக்காவின் கையைப் பிடித்து, "அழாதேங்கோ அக்கா. இவ்வளவு காலமும் இவரைப் பார்த்தது நீங்கள்தானே" என்றாள். அதைக் கேட்டு அண்ணையும் அடங்கினார்.

ஒரு கிழமைக்கு மேல் படுக்கைதான். விழுங்கி நிறுத்த ஒரு குளிசை இல்லை. உடம்பு தானாக ஆறும்வரை கிடக்க வேண்டியது. சீனியும் உப்பும் கலந்த தண்ணீர், கஞ்சி, பிறகு அவித்த உருளைக்கிழங்கு. தலைக்குள் பனிப்புகார் மூடியது போல இருக்கும், ஒரு வசனம் முழுதாகக் கதைக்க ஏலாது. லண்டனைப் பார்க்க வந்தவள் என் முதுகைத் தடவிக்கொண்டு அறைக்குள் இருந்தாள். அக்கா படியேறி வரவில்லை. கஞ்சியைக்கூட மனைவியைக் கீழே கூப்பிட்டுக் காய்ச்சச் சொன்னாராம், தன் கை படக் கூடாது என்று. வயிற்று வலியைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழும்பி நடக்க முடிந்த அன்று குசினிக்குப் போய், "அக்கா, பசிக்குது" என்றேன்.

"நான் தரமாட்டன் தம்பி. எனக்குப் பயமாக் கிடக்கு."

"நீங்கள் தராட்டில் இந்த ஊரிலை எனக்கு வேற ஆர் தரப்போகினம்?"

அடுத்த கிழமை அக்காவும் என் மனைவியுமாக அப்டன் பார்க் கடைத்தெருவுக்குப் போய் மா அரிக்கப் புது அரிதட்டும் புதுப் பானையும் புது ரின்னும் வாங்கி வந்து குசினி அலமாரியில் ஒரு தனித் தட்டில் வைத்தார்கள். தனி அரிசி மாவில் புட்டு அவித்தார்கள். அக்கா சொன்னது சரி, கல்லுத்தான். பல்லுப் போனாலும் பரவாயில்லை என்று முழுதையும் தின்று முடித்தேன். லண்டனின் தெற்கே மிச்சம் என்ற ஊரில் நாங்கள் வீடு எடுத்துப் போகும்வரை அந்த மேசையில் எனக்கு இடம் இருந்தது. என்ன போட்டீர்கள் என்று கூச்சமில்லாமல் கேட்கவும் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் மா அரித்துக்கொண்டிருந்தபோது அக்கா தானாகவே சொன்னார். "தம்பி, கதவாலை வெளிக்கிட்டு வரேக்கை அந்தப் பிள்ளையின்ர முகத்திலை ஒரு சிரிப்பு இருந்தது. நேரா அந்தத் தூணைத்தான் பார்த்தவ. பிறகு ஒவ்வொரு முகமாப் பார்த்துக்கொண்டு போனா. உம்மைக் காணேல்லை எண்டோடனை அந்தச் சிரிப்புப் போட்டுது. அதுக்குப் பிறகுதான் நான் ஓடிப்போய்ப் பிடிச்சனான்."

அதன் பிறகு எத்தனை தடவை அதைச் சொல்லச் சொல்லி அக்காவைக் கேட்டிருப்பேனோ தெரியாது. என்ன நிறச் சேலை, தலை கலைந்திருந்ததா, எவ்வளவு நேரம் சிரித்தபடி நின்றாள் என்றெல்லாம் கேட்பேன். அவரும் சலிக்காமல் சொல்லுவார். சொல்லி முடித்து, எல்லாம் என்னாலை என்று கண்ணைத் துடைப்பார். உங்களால்தான் அதைக் கேட்கவாவது கிடைத்தது என்பேன் நான்.

சில வருடங்களுக்கு முன் அக்கா போய்விட்டார். அண்ணை அன்றைக்கு என்னோடு கழிப்பறை வாசலில் நின்றவர், அவர் அதைக் காணவில்லை. மனைவியைக் கேட்டால், "என்ர முகம் எனக்கு எப்பிடித் தெரியும்? நான் உங்களையெல்லோ தேடிக்கொண்டு நிண்டனான்" என்கிறாள். அதற்குப் பிறகு அவள் எனக்காக எவ்வளவோ சிரித்திருக்கிறாள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாரையாவது கூட்டிவர ஹீத்ரோவுக்குப் போய் நிற்கும்போது, அந்தக் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும், எனக்கென்று அவள் கொண்டுவந்து, கொடுக்க ஆளில்லாமல் அணைந்துபோன அந்த ஒரு சிரிப்பைத்தான் என் கண் இன்னும் தேடுகிறது.