அரை மில்லி விருந்து

நபவிய்யாவின் வீட்டுக்குப் போய்ப் பசியோடு திரும்பியவர் எங்கள் ஊரில் ஒருவரும் கிடையாது. நிம்மதியாக மூச்சு விட்டபடி திரும்பியவரும் கிடையாது. "வல்லாஹி, இதைச் சாப்பிடாம வாசப்படி தாண்ட விட மாட்டேன்" என்று அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் போட்டுவிடுவாள். அதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்? மின்சார மீட்டர் பார்க்க வந்தவருக்கு அரிசி அடைத்த புறா வறுத்து வைத்து, ஒன்று முடிந்ததும் இன்னொன்று, அதுவும் முடிந்ததும் நெய் சொட்டும் ஃபதீர் ரொட்டி என்று ஊட்டித் தீர்த்தாள். அடுத்த மாதத்திலிருந்து அந்த மனிதர் பக்கத்து வீட்டு மதில்மேல் ஏறி, அங்கிருந்தே மீட்டரை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போக ஆரம்பித்தார்.

தந்தா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பாதி வீடுகளின் கீழ்த்தளம் குஞ்சு பொரிப்பகம்தான். நபவிய்யாவுடையதும் அப்படித்தான். கணவர் ஷிர்பீனி போய்ச் சேர்ந்தபோது அதை விற்றுவிடச் சொல்லி உறவெல்லாம் வந்து உட்கார்ந்தது. "வித்துட்டு யார் மூஞ்சிய பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது? உங்க மூஞ்சியவா?" என்று கேட்டு, வந்தவர்களுக்கு வாத்துக்கறி போட்டு அனுப்பிவிட்டாள். அவளுக்கு அந்தத் தொழிலில் பிடித்தது ஒன்றே ஒன்று. முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்ப்பது. மற்றவர்கள் கெட்டதா நல்லதா என்று பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். இவள் அப்படி இல்லை. உள்ளே என்ன பண்ணுகிறது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறது, தூங்குகிறதா முழித்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அடுத்த வீட்டுச் சன்னலைப் பார்க்கிற அதே ஆசைதான், வேறென்ன.

ஊருக்கெல்லாம் அவள் உம் ராவியா, ராவியாவின் அம்மா. அந்த ஒரே மகளைத்தான் தெற்கே ஸோஹாகில் கட்டிக்கொடுத்தாள். கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பண்டிகைக்குப் பண்டிகை கூடை அனுப்புவது எங்கள் வழக்கம். நபவிய்யா அனுப்பியது கூடையா என்ன! அது ஒரு கடை. வாத்து, நெய் டின், பாலாடைக்கட்டி, ஃபதீர் அடுக்கு. பண்டிகை இல்லாத மாதத்திலும் போகும். ராவியாவின் மாமியார், ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஹாஜா பஹிய்யா, நல்ல வீட்டுப் பெண்மணி, பத்துப் பேருக்குச் சமைத்துப் போடுகிறவள். அவளுக்கு ஒவ்வொரு கூடையும் கன்னத்தில் அறை.

"எங்க வீட்ல அடுப்பு எரியறதில்லன்னு உங்கம்மா யார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க?" என்றாளாம் ஒருநாள்.

"அம்மா, போதும்மா. கூடை அனுப்பாதீங்க" என்று ராவியா தொலைபேசியில் கெஞ்சினாள். "குஞ்சு அனுப்புங்க. மாடி சும்மாதான கெடக்கு, நான் வளக்கறேன். எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்."

குஞ்சு போயிற்று. கூடையும் கூடவே போயிற்று, அது வேறு கதை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து ஸோஹாக் என்ன கூப்பிடு தூரமா? முதலில் பொரிந்த குஞ்சு கடைசிக் குஞ்சு பொரியும்வரை பட்டினி கிடக்கும். பிறகு பெட்டி, பிறகு வண்டி, பிறகு தெற்கத்தி வெயில். போய்ச் சேர்ந்தவை கால் ஊன்றி நிற்கவில்லை. தீனியைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலை தொங்கி, இரண்டு மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. இரண்டாம் முறை அனுப்பினாள். அதுவும் அதே கதிதான்.

"உங்கம்மா வீட்லருந்து வந்தா ஒண்ணு அஜீரணம், இல்லன்னா சாவு" என்று பஹிய்யா சொன்னதை ராவியா அழாமல்தான் சொன்னாள். அழுதிருந்தால் நபவிய்யாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அம்மா, இன்னொரு தடவ செத்துச்சுன்னா மாடியில புறாக் கூண்டு கட்டறேன்னுட்டாங்க. அந்த வீட்ல என் கைக்குன்னு இருக்கிறது அந்த மாடி ஒண்ணுதான்."

அந்த வாரம் தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர் மாரியானைப் பிடித்து உட்காரவைத்து, முன்னால் பஸ்பூஸா இனிப்புத் தட்டை வைத்து, நபவிய்யா எல்லாவற்றையும் கொட்டினாள். மாரியான் சின்னப் பெண்தான், ஆனால் விவரமானவள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தாள்.

"முட்டை ஓட்டை ஒடைச்சு வெளிய வர்றதுக்கே அது தேகத்துல சேத்து வெச்ச சர்க்கரை முக்காவாசி செலவாயிடும், உம் ராவியா. வந்ததும் பட்டினி, அப்பறம் பிரயாணம். எப்படித் தாங்கும்? உள்ள இருக்கும்போதே ஊட்டி அனுப்பினா கொஞ்சம் கையிருப்போட வெளிய வரும்."

"உள்ளயா? கதவே இல்லாத வீட்டுக்குள்ள சோறு கொண்டுபோறதா? என்னை வெச்சு விளையாடறீங்களா டாக்டரம்மா?"

"ஊசி இருக்கே. பொரியறதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி, அகலமான முனையில, காத்து அறை வழியா. குஞ்சைச் சுத்தி இருக்கிற தண்ணியில விட்டாப் போதும். மிச்சத்தை அது பாத்துக்கும்."

"எப்படிப் பாத்துக்கும்?"

"குடிக்கும். வாயால. பொரியறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணியைக் குடிச்சுட்டுத்தான் வரும்."

நபவிய்யா எழுந்தே விட்டாள். எத்தனை வருஷமாக எட்டிப் பார்த்திருக்கிறாள்! அது குடிக்கிறது என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! போய் ஒரு முட்டையை எடுத்து விளக்கில் பிடித்தாள். கருநிழல் ஒன்று அசைந்தது. "அடியே, கள்ளி! உள்ள உக்காந்து குடிக்கிறியா நீ?" என்று அதனிடமே கேட்டாள்.

மாரியான் சர்க்கரையும் உப்பும் சேர்த்துத் தயாரித்த சுத்தமான கரைசல் ஒரு புட்டி கொடுத்தாள். ஒரு முட்டையில் கை பிடித்துக் காட்டினாள். "அரை மில்லி. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. ஊசிக்கு முன்னாடி ஸ்பிரிட்டால துடைங்க. ஓட்டையை நகப்பூச்சு வெச்சு அடைச்சிடுங்க."

நகப்பூச்சு! தொழுகைக்குக் கைகால் கழுவும்போது தண்ணீர் படாது என்று கல்யாணத்துக்குக்கூட நகம் பூசாதவள் நபவிய்யா. கடைக்குப் போய் நாலு சிவப்புப் புட்டி கேட்டதும் கடைக்காரர் ஷிஹாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உம் ராவியா, மாப்பிள்ளை யாருன்னு சொல்லவே இல்லயே?"

"முட்டைக்குப்பா, முட்டைக்கு!"

"ஓஹோ, முட்டைக்கா? சரி சரி, முட்டைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க."

மறுநாளே தெரு முழுக்க அவளுக்கு இரண்டாம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதையெல்லாம் காதில் வாங்க அவளுக்கு நேரமில்லை. முட்டைகளைத் துடைத்து, ஊசியில் அரை மில்லி ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இவ்வளவுதானா? எறும்புக்குக்கூட இதைவிட அதிகமாக வைப்பாளே! ஸோஹாக் வரைக்கும் போகிற பிள்ளை இது. வழியில் பசிக்காதா? கை தானாகவே இன்னும் கொஞ்சம் இழுத்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம். "குடிச்சுக்கோ கண்ணு, வெக்கப்படாத" என்று சொல்லிச் சொல்லி ஊட்டினாள். ஒவ்வொரு முட்டைக்கும் சிவப்புப் பொட்டு வைத்து உள்ளே அடுக்கினாள்.

பொரிக்கும் நாள் வந்தது. சாதாரண முட்டைகள் எப்போதும்போலப் பொரிந்தன. சிவப்புப் பொட்டு வைத்தவற்றில் பெரும்பாலானவை அப்படியே கிடந்தன. ஒன்றை உடைத்துப் பார்த்தாள். முழுதாக வளர்ந்த குஞ்சு, தொப்பலாக நனைந்து, வாய் திறந்தபடி இருந்தது. நபவிய்யா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாரியான் வந்து பார்த்தாள். "எவ்வளவு விட்டீங்க?"

"கொஞ்சம்தான்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"...ரெண்டு மடங்கு. கொஞ்சம் மேலயும் இருக்கும். வழியில பசிக்குமேன்னு."

மாரியான் திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எடம் அவ்வளவுதான் உம் ராவியா. மூழ்கிப் போச்சு. போதும்னு சொல்லக்கூட அதால முடியாதே."

போதும் என்று வாய் திறந்து சொன்ன மகள் ஒருத்தி நபவிய்யாவுக்கு இருந்தாள். அவள் சொன்னபோது மட்டும் இவள் கேட்டாளா? தட்டு தட்டாகப் போட்டுக்கொண்டே இருந்தவள், எதிரில் இருப்பவர் முகத்தை என்றாவது நிமிர்ந்து பார்த்தாளா? அன்று மருத்துவருக்கு அவள் ஒரு கோப்பை தேநீர் மட்டுமே கொடுத்தாள். மாரியான் அதை முழுதாகக் குடித்தாள்.

அடுத்த ஈட்டு முட்டைகளுக்கு அரை மில்லி. ஊசியின் கோட்டுக்கு மேல் ஒரு நூல் ஏறினாலும் பீய்ச்சிவிட்டு மறுபடி எடுத்தாள். அவ்வளவு குறைவாக வைப்பது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. "இதுதான் உன் பங்கு. மிச்சத்தை நீ போற எடத்துல சாப்பிட்டுக்கோ" என்று முட்டையிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சற்று நேரம் அந்த முட்டையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

இந்த முறை சிவப்புப் பொட்டு வைத்த ஓடுகள் முறையாகப் பிளந்தன. இரண்டு மூன்று பொரியவில்லை. அது எல்லா ஈட்டிலும் உண்டு. மற்றவை ஈரம் காய்வதற்குள் எழுந்து நின்று தட்டின் விளிம்பைக் கொத்திப் பார்த்தன. நபவிய்யா ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் விட்டாள்.

சரக்கு வண்டிக்காரன் வந்து பெட்டிகளை ஏற்றினான். ஏற்றிவிட்டு வழக்கம்போல வாசலில் நின்றான். கூடத்து மேசைமேல் நெய் டின்னும் வாத்தும் ஃபதீரும் கட்டித் தயாராகத்தான் இருந்தன. பழக்கம் விடுமா?

"உம் ராவியா, கூடை?"

நபவிய்யா மேசையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "கூடை இல்ல. கெளம்பு."

"ஒடம்புக்கு ஏதும் முடியலயா உங்களுக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். கெளம்புப்பா, வெயில் ஏறுது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். செத்திருந்தால் ராவியா எப்படிச் சொல்வாள், கூண்டு கட்டத் தச்சன் வந்துவிட்டானா என்று மனம் அங்கேயே சுற்றியது. மணி அடித்தபோது எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தாள். மகளின் குரல் இல்லை.

"சம்பந்தி, நான் பஹிய்யா பேசறேன்."

நபவிய்யா தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"குஞ்சுங்க வந்துச்சு. வழியில ஒண்ணு போச்சு, மத்ததெல்லாம் மாடியில ஓடுதுங்க. உங்க பொண்ணு கீழ எறங்க மாட்டேங்கறா. நான்தான் தண்ணியும் தீனியும் தூக்கிட்டு ஏறுனேன். பெட்டியத் தெறந்ததும் அடிச்சுப் பிடிச்சு ஓடிவந்து என் கையிலருந்தே கொத்துதுங்க." பின்னால் கீச்கீச்சென்ற சத்தமும் ராவியாவின் சிரிப்பும் கேட்டன. "இந்தத் தடவதான் சம்பந்தி, எங்க கையால போட எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வெச்சு அனுப்பியிருக்கீங்க."