எனக்கும் செல்வராஜுக்கும் வந்த ஒரே வசனம்

சவரம் செய்யும்போதுதான் கழுத்தின் வலது பக்கம் அந்தக் கட்டி கையில் பட்டது. நெல்லிக்காய் அளவு, வலி இல்லை. நான் சந்தையில் வாழைக்குலை சுமப்பவன். வலது தோளில்தான் குலையை வைப்பேன். அழுத்தத்தால் வந்தது என்று நினைத்து எண்ணெய் தடவினேன், தோளை மாற்றிச் சுமந்தேன். மாதங்கள் போயின, பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டிகள் வந்தன.

நாகர்கோவிலில் பயாப்ஸி (கட்டியில் சிறிது சதை எடுத்துச் சோதிப்பது) செய்து லிம்போமா (நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய்) என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். டாக்டரம்மாவிடம் ஒன்றுதான் கேட்டேன், எதனால் வந்தது என்று.

"குலை சுமந்ததால இல்ல. செல் பிரியும்போது ஒரு தப்பு நடந்திருக்கு. ஏன் உங்களுக்கு நடந்ததுன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க செஞ்ச எதுனாலயும் இல்ல."

கடைசியில் சொன்னது ஆறுதலாக இருந்தது. நடுவில் சொன்னது பயமாக இருந்தது. என் மனைவி கிரேஸுக்கு அது பதிலாகவே படவில்லை. கர்த்தர் அறியாமல் ஒன்றும் நடக்காது என்றாள்.

கீமோ (புற்றைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) நடந்தபோது பக்கத்துக் கட்டிலில் இராஜாக்கமங்கலத்துக்காரர் செல்வராஜ். ஆட்டோ ஓட்டுபவர். அதே நோய், அதே மருந்து.

எங்கள் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். கைக்கு வருவதுதான் அந்த ஆண்டுக்குக் கர்த்தர் நமக்குத் தந்த வசனம். எனக்காகக் கிரேஸும், அவருக்காக அவர் மனைவி ராணியும் வேறு வேறு ஆலயங்களில் எடுத்து வந்தார்கள். இரண்டிலும் சுகம் தருவதாகச் சொல்லும் ஒரே வசனம்.

"மருந்தும் ஒண்ணு, வசனமும் ஒண்ணு, மொட்டையும் ஒண்ணு. ஆள் மாறிப் போகாம இருந்தா சரி, மக்கா" என்றார் செல்வராஜ்.

என் கட்டிகள் கரைந்தன. அவருடையவை மருந்துக்கு அடங்கவில்லை. கோடையில் இறந்துபோனார். அது ஏன் என்றதற்கும் டாக்டரம்மா தெரியாது என்றுதான் சொன்னார்.

எனக்கு நோய் தணிந்துவிட்டது (ஸ்கேனில் கட்டி தென்படாத நிலை) என்றதும் கிரேஸ் ஆலயத்தில் நன்றி சொல்லிப் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக்கு ஏற்பாடு செய்தாள். சுகமானவர் சபையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். அதனால் எல்லாரும் சொல்வதையே மனப்பாடம் செய்துகொண்டேன்: விசுவாசித்தேன், சுகமானேன்.

அன்று பெண்கள் பக்கம் ராணி உட்கார்ந்திருந்தாள். கிரேஸ்தான் அழைத்திருந்தாள். நான் அப்படிச் சொன்னால், செல்வராஜ் விசுவாசிக்கவில்லை என்று ஆகிவிடும். எழுந்து நின்றேன்.

"எனக்கு சுகமாச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்க பக்கத்துக் கட்டில்ல செல்வராஜ் கிடந்தாரு. அவருக்கும் இதே வசனம்தான். என்னவிட நல்லா ஜெபிச்சாரு. ஏன் இப்பிடின்னு எனக்குத் தெரியாது."

உட்கார்ந்துவிட்டேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

வெளியே வந்ததும் கிரேஸ் முகம் கொடுக்கவில்லை. ராணி எங்களிடம் வந்தாள்.

"அண்ணே, அவருக்க ஜெபம் போதாதுன்னுதான் எல்லாரும் எங்கிட்ட சொன்னாவ."

கிரேஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் பலர் காரணம் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கட்டி தென்பட்டால், நானாக ஒரு காரணம் கண்டுபிடித்து நாளைக் கடத்தியதுபோல் கடத்தாதீர்கள்.

சந்தைக்குத் திரும்பிவிட்டேன். சிறிய குலைகள் மட்டும் சுமக்கிறேன். ஓணத்துக்கு லோடு ஏற்ற வருவாயா என்று வியாபாரி இப்போதே கேட்கிறார். முன்பென்றால் உடனே தலையாட்டியிருப்பேன். இப்போது கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.

"ஓணத்துக்கு எப்பிடியோ தெரியாது. நாளைக்கு வாறேன்" என்கிறேன்.