கொட்டாஞ்சேனையில் நின்ற நாற்பதடி அண்டெனா

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடை. அது எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்த பிறகு அதே இடத்தில் அதைவிடப் பெரிதாய் இன்னொரு கடை. வெள்ளவத்தையில் கடல் தெரிகிற மாடிவீடுகள் இரண்டு. மூன்று தங்கச்சிமாரின் கலியாணம். ஒரு தம்பியின் படிப்பு. எங்கள் ஒழுங்கையின் முதல் கலர் டிவி. இவ்வளவையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான். எனக்கு ஒருவரும் கை கொடுத்ததில்லை. கொடுக்க வந்தவர்களின் கையையும் நான் தட்டிவிட்டிருக்கிறேன்.

தம்பியின் நினைவு மலரில் உங்கள் பெருமை எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். தம்பியின் சீவியம் முழுக்க நான் கட்டின சுவர்களுக்குள்தான் நடந்தது.

மலரில் மரியாதையாக ‘அவர்’ என்றுதான் எழுதவேண்டுமாம். அறுபது வருஷமாக ‘டேய்’ என்று கூப்பிட்ட ஆளை அப்படி எழுதக் கை கூசுகிறது. எண்டாலும் எழுதுகிறேன்.

தம்பி கொட்டாஞ்சேனையில் வாடகை அறை ஒன்றில் பிறந்தார். ஐயாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தம்பிக்கு நாலு வயதில் ஐயா போய்விட்டார். எனக்கு அப்போது பதின்மூன்று. அன்றிலிருந்து வீட்டில் ஆம்பிளை நான். தம்பி படித்தார், நான் இரும்பு தூக்கினேன். நல்ல குணம், மெல்லிய குரல், யாரையும் நோகப் பேசத் தெரியாது. சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வியாபாரத்துக்கு உதவாத ஆள் என்று அவருக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன்.

டிவியைப் பற்றி எழுதாமல் தம்பியைப் பற்றி எழுத முடியாது. அந்த நாளில் டிவிப் பெட்டிக்குக் கதவும் பூட்டும் இருந்தன. திறப்பு என் இடுப்பில். ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் ஹோலில் வந்து பாயில் இருக்கும். கால் கழுவாமல் வந்தால் வெளியே. பிள்ளை அழுதால் தாயும் வெளியே. பக்கத்து வீட்டு மேரியக்கா ஒருநாள் கேட்டார்:

“முதலாளி, மாதாகோயிலுக்குப் போறதுக்கே நாங்க இப்படிக் கால் கழுவுறதில்லையே?”

“அப்ப மாதாகோயில்ல போய் நாடகம் பாருங்கோ.”

போகவில்லை. கழுவிக்கொண்டு வந்தார்.

தமிழில் வந்தது கொஞ்சம்தான். எப்போதாவது ஒரு தமிழ்ப் படம், பிறகு செய்தி. மற்றதெல்லாம் சிங்களம். கிழமைக்கு ஒருநாள் வருகிற சிங்கள நாடகத்துக்கு ஒழுங்கையே காத்துக் கிடக்கும். தம்பி பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சத்தத்தைக் குறைத்துவிட்டு, எல்லாரின் பேச்சையும் தமிழில் தானே சொல்லுவார். கிழவனுக்குக் கிழவன் குரல், மருமகளுக்கு மருமகள் குரல். சனம் திரையைப் பார்க்காது, அவர் வாயைப் பார்க்கும். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை இப்போது எழுதுவதில் வெட்கம் இல்லை.

ஒரு நாடகத்தில் வருத்தக்காரத் தாய் ஒருத்தி வருவாள். கடைசிக் கிழமை அவள் ஆஸ்பத்திரியில் செத்துப்போவாள். அன்றைக்கு மேரியக்காவின் தாயார் உண்மையாகவே ஆஸ்பத்திரியில் கிடந்தார். தம்பி நின்ற நிலையிலேயே கதையை மாற்றினார். “மயக்கம்தான், நாளைக்கு வீட்ட விடுவினமாம்” என்று டாக்டரின் குரலில் சொன்னார். எனக்குக் கடைச் சிங்களம் தெரியும். நான் கதிரையில் இருந்தபடி சத்தமாய்ச் சொன்னேன்:

“அவள் செத்துப்போனாள். இவன் புழுகுறான்.”

மேரியக்கா முந்தானையால் வாயைப் பொத்தினார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணை, டிவி உங்கட. கதை என்ர.”

போன வருஷம் தம்பியின் செத்தவீட்டில் மேரியக்கா அந்த நாடகத்தைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில் அந்தத் தாய் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் எடுத்த டிவியில் நான் சொன்ன உண்மை ஒருவருக்கும் நினைவில்லை. தம்பியின் புழுகுதான் நிற்கிறது.

இனி அண்டெனாவுக்கு வருகிறேன். வெயில் எரித்து, கடல் அசையாமல் கிடக்கிற நாளில், அண்டெனா போதிய உயரத்தில் இருந்தால் கொழும்பிலும் இந்தியா இழுக்கும் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் அங்கே சினிமாப் பாட்டுப் போடுவார்கள். எனக்குப் பாட்டில் விருப்பம் இல்லை. மற்றவனிடம் இல்லாதது என்னிடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். கடையிலிருந்து பைப் கொண்டுவந்து, ஒன்றுக்குள் ஒன்று பூட்டி, நாலு பக்கமும் கம்பி இழுத்து, நாற்பதடிக்கு நிறுத்தினேன். முழுக்க என் கைவேலை. “வேண்டாம் அண்ணை, காலம் சரியில்லை, ஆரும் வேற மாதிரி நினைப்பாங்கள்” என்று தம்பி இரண்டு தரம் சொன்னார். “உனக்குப் பயமெண்டால் சேலையைக் கட்டு” என்றேன். மூன்றாம் வெள்ளிக்கிழமை புள்ளி புள்ளியாக ஒரு பெண் ஆடுவது தெரிந்தது. ஒழுங்கை கை தட்டியது. “ஆர் கட்டினது தெரியுமோ?” என்று பால்காரனிடம்கூடக் கேட்டேன்.

அது வடக்கில் சண்டை நடந்த காலம். தமிழ் வீட்டுக் கூரையில் நாற்பதடிக் கம்பம் வடக்கைப் பார்த்து நின்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அது எனக்கு விளங்கவில்லை. விளங்கிய ஆளைச் சேலை கட்டச் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார், சனம் இன்னும் வரவில்லை. தம்பி கூரையில் நின்று கம்பத்தைத் திருப்பினார். நான் முற்றத்தில் நின்று “இன்னும் கொஞ்சம், டேய் மாடு, மற்றப் பக்கம்” என்று கத்தினேன். பின்னால் ஜீப் வந்து நின்றது. சார்ஜன் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

“மேக்க ஹெதுவே கவுத?”

இதைக் கட்டியது யார் என்று கேட்கிறார். மூன்று மாதமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று அலைந்த வாய் இது. அன்றைக்கு அந்த வாய் சொன்னது:

“மல்லி.”

தம்பி என்றுதான் சொன்னேன். கையாலும் காட்டினேன்.

மேலே நின்றவருக்கு அது கேட்டது. அவர் ஏணியால் ஆறுதலாக, படி படியாக இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“ஒவ், மம தமா.”

ஆம், நான்தான் என்றார். செருப்புப் போடவும் விடவில்லை.

பதினான்கு மாதம் தெற்கே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். அம்மா மாதா மாதம் பஸ்ஸில் போய் வந்தார். நான் ஒருமுறையும் போகவில்லை. போனால் கடைக்குச் சந்தேகம் வரும் என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையில், அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை.

வந்தபோது இடது காது கேட்கவில்லை. என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை. வாசலில் நின்று கூரையைப் பார்த்தார்.

“அண்டெனா எங்கை அண்ணை?”

“துண்டு துண்டாய் வெட்டிக் கடையில வித்துப்போட்டன்.”

“அப்ப அந்தப் பைப்பில இப்ப ஆரோ குளிக்கினம்.”

சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு நாடகத்துக்கும் அவர் தமிழ் சொல்லவில்லை. சனமும் வராமல் விட்டது. அவர் வலது காதைப் பெட்டிப் பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டிவைத்துத் தனியாகப் பார்ப்பார். “செவிடா, ஊருக்கே கேட்குது, குறை!” என்று கத்துவேன். “மற்றக் காதுக்கும் சேர்த்து வைக்கிறன் அண்ணை” என்பார். என் கடையில் கணக்குப்பிள்ளையாய் இருந்தார். கலியாணம் கட்டினார், ஒரு மகன் பிறந்தான். பிறகு வெள்ளவத்தையில் எனக்கு எதிர்வீட்டில் இருந்தார். முப்பது வருஷம் தினமும் என் முகத்தில் முழித்தார். ஏன் என்னைக் காட்டினாய் என்று ஒருநாளாவது கேட்டிருந்தால் நானும் அடித்தோ அழுதோ தீர்த்திருப்பேன்.

தம்பியின் கடைசிக் கிழமையில் அவர் மகன் அந்தப் பழைய நாடகத்தை எங்கேயோ தேடிப் போனில் காட்டினான். கட்டிலில் கிடந்து பார்த்தார். அந்தத் தாய் கண்ணை மூடுகிற இடம் வந்தது. தம்பி என் கையைத் தட்டி, “பிழைச்சிட்டா” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஜீப் வெளிக்கிட்ட அன்றும் திறக்கவில்லை.

வருத்த நாட்களில் பார்த்த டாக்டர்மாருக்கும், தாதிமாருக்கும், இரவு பகலாய் நின்ற அவரது மனைவிக்கும், மகனுக்கும், கோட்டையிலிருந்து ரயிலேறிச் சோறு கொண்டுவந்த மேரியக்காவின் பிள்ளைகளுக்கும், செத்தவீட்டில் கை கொடுத்த எல்லாருக்கும் என் நன்றி.

இந்த மலருக்கு மகன் எழுதிய கட்டுரையை அச்சுக்கு முன் வாசித்துக் காட்டினான். அதில் ஒரு வரி: ‘எங்கள் அப்பா கொட்டாஞ்சேனையில் நாற்பதடி அண்டெனா கட்டி, அதற்காகவே சிறை சென்றவர்.’ தகப்பன் பிள்ளைக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். மகன் எழும்பிப் போனதும் நான் பேனையை எடுத்தேன். தம்பியின் மனைவி கையைப் பிடித்தார்.

“அத்தான், எழுதாதேங்கோ. நடந்ததை எனக்குக் கலியாணம் கட்டின வருஷமே சொன்னவர். பிள்ளைக்குத் தெரிய வேண்டாமெண்டவர்.”

முப்பது வருஷமாய் எனக்குச் சோறு போட்ட பெண். தெரிந்துகொண்டே போட்டிருக்கிறார்.

நான் ஒருவரிடமும் ஒன்றும் சும்மா வாங்கினவன் இல்லை. தம்பியிடமும் வாங்க மாட்டேன். ஆகையால் அந்த வரியை வெட்டவேண்டும். அண்டெனாவைக் கட்டியவர் பெரியப்பா, கேட்டபோது தம்பியைக் காட்டியவரும் பெரியப்பா என்று போடவேண்டும். முழுப் பெயரோடு, மற்ற எழுத்துகளின் அளவிலேயே போடவேண்டும். அது என் வேலை. என் பெயரில்தான் நிற்கவேண்டும்.