ஆழாக்கும் அமெரிக்கா கப்பும்

அதையேன் கேக்குற அம்மணி, பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் கஞ்சியக் காச்சி ஊத்துனோம்னு தெருவே பேசுதாமா. பேசட்டும். நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும்.

எம் பேத்தி அமெரிக்கால இருந்துபோட்டு வந்து, இப்பப் பீளமேட்டு ஆபீசுக்குப் போறாளல்ல. மாப்பிள்ளை ஊடு ஆனைமலைப் பக்கம். தென்னந்தோப்புக்குள்ளயே ஊடு, அத்தனை குளுகுளுன்னு இருக்குதாமா. பையனை இவளுக்குப் புடிச்சுப்போச்சு. வாயத் தொறந்து சொல்லல, ஆனா காலைல இருந்து சீலைய மாத்தி மாத்திக் கட்டுறா. "அப்பத்தா, அரிசிம்பருப்புச் சோறு நானே செய்யறேன்"னா. நாலு ஆழாக்கு அரிசி, ஒரு ஆழாக்கு பருப்பு அளந்து களைஞ்சு குடுத்தேன். ஒண்ணுக்கு மூணு தண்ணி ஊத்து கண்ணுன்னு சொல்லிப்போட்டு, இலை அறுக்கக் கொல்லைக்குப் போயிட்டேன்.

வந்து பாக்கறேன், குக்கரு விசிலே வுடல. கெடகெடன்னு ஆடுது. மூடியச் சுத்தி நொர நொரயா கக்குது. விசில் குண்டு அப்படியே குந்தியிருக்குது. உங்க மாமியா ஊட்டுல குக்கரு மூடி கூரை ஓட்டைப் பிச்சுக்கிட்டுப் போச்சே, அதுதான் கண்ணுல வந்துச்சு. இவ என்னடான்னா கரண்டிய எடுத்துக்கிட்டு குண்டைத் தூக்கப் போறா. மூஞ்சி நேரா மூடிக்கு மேல.

"கிட்டப் போகாத"ன்னு சீலையப் புடிச்சு இழுத்தேன். சிலிண்டரை மூடிப்போட்டு ரெண்டு பேரும் கதவுக்கு இந்தப்பக்கம் நின்னோம்.

"தண்ணி எத்தனை ஊத்துன கண்ணு?"

"பதினஞ்சு கப்பு. கணக்கு சரிதானுங்க அப்பத்தா?"

"ஆழாக்கு ஈரமே ஆகாமக் கெடக்குது. எதுல ஊத்துன?"

அங்கிருந்து கொண்டாந்த அமெரிக்காக் கப்பைக் காட்டறா. ஒரு பக்கம் அவுன்ஸுக் கோடாம், மறுபக்கம் மில்லிக் கோடாம். ஆழாக்குன்னா என்னன்னு போன்ல கேட்டாளாமா, அது ஒரு கப்புன்னு சொல்லுச்சாமா. அப்பறந்தான் தேடிப் பாத்துப்போட்டு மொகம் வெளுத்துச் சொல்றா, "ஆழாக்கு நூத்தி அறுபத்தெட்டு மில்லிங்க. இந்தக் கப்பு எட்டு அவுன்ஸு, இருநூத்தி நாப்பது."

எனக்கு அந்த நம்பரெல்லாம் தெரியாது. அரிசி சின்னதுல, தண்ணி பெருசுல. குக்கரு கழுத்து மட்டுக்கும் ரொம்பி, பருப்பு நொர போயி விசில் ஓட்டைய அடைச்சுப்போச்சு.

அந்நேரம் பாத்து வாசல்ல காரு வந்து நிக்குது. எம் மருமக வாங்க வாங்கன்னு சிரிக்கறா. இங்க நாங்க குக்கரு ஆறட்டும்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கறோம். பயந்து பயந்து தொறந்தா, சோறா அது? கொழகொழன்னு களியாட்டம். இவ கண்ணுல தண்ணி. "போச்சுங்க அப்பத்தா, இனி அவங்க திரும்ப வரவே மாட்டாங்க"ங்கறா.

வேற வழி? நெய்யைத் தாராளமா ஊத்திப் பரிமாறச் சொன்னேன். அப்பப் பையனோட பாட்டி, வாயில ஒத்தப் பல்லு கெடையாது, இலைய வழிச்சுப்போட்டுச் சொல்லுது, "எங்கூட்டுல எனக்குன்னு தனியாக் கொழைய வடிக்கோணும்னு ஆருக்கும் தோணாதுங்க. இன்னும் கொஞ்சம் வை அம்மணி." பையன் அவங்க பாட்டியப் பாத்துச் சிரிச்சான். எம் பேத்தி தரையப் பாத்துச் சிரிச்சா. கல்யாணத்தை வார தை மாசம் வெச்சுக்கலாம்னு சொல்லிப்போட்டுத்தான் எந்திரிச்சாங்க.

கப்பை அலமாரி மேல ஏத்தி வெச்சுப்போட்டேன். ஆனா பயம் போகல பாத்துக்க. இப்பக்கூடப் பேச்சு வாக்குல... ஏன் அம்மணி, நான் வெச்ச குக்கரு விசில் வுட்டுச்சா? உனக்குக் கேட்டுச்சா? இரு, அடுப்பைப் பாத்துப்போட்டு வாரேன்.