குருணில் பொங்கிய முதல் குடம்

சுங்கைப் பட்டாணியில் ஏழரை மணிக்கு ஏறிய பஸ் என்னைக் குருணில் இறக்கிவிட்டது. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர், இரண்டும் சேர்த்து நாலு வெள்ளி. கடை வாசலில் ஆழ்துளைக் கிணறு போடும் லோரி நின்றது. எங்கே போகிறது என்று கேட்டதும் ஓட்டுநர் மணியம் தேங்காய்ப் பையை என் கையில் திணித்தார்.

"ஏறு தம்பி. தண்ணி வந்தா சாப்பாடு, வரலைன்னா ஓட்டம் லா!"

எனக்கு அதற்கு மேல் அழைப்பு வேண்டுமா? ஏறிவிட்டேன்.

ஆறு கிலோமீட்டர் தள்ளி, விற்றுப்போன பழைய ரப்பர் தோட்டம். ஒரு பக்கம் புதுத் தாமான் குடியிருப்பு வீடுகள், மறுபக்கம் துரியான் தோப்பு. நடுவில், புதுக் கிணறு கேட்டிருந்த பத்மா அக்காவின் வெற்றிலைக் கொடிக்கால். அவருடைய பழைய கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் சேறும் ஒரு தவளையும்.

"துரியான் தோப்புப் பக்கம் பம்ப் ஓயாம ஓடுது. தாமான் பக்கம் சிமெண்டு போட்டு மழைத்தண்ணி இறங்க வழியில்ல. இன்னிக்கும் வரலைன்னா கொடி காஞ்சிடும், நான் கூலிம் பேக்டரிக்குத்தான் பஸ் ஏறணும்" என்றார்.

மணியமும் ஆட்களும் தேங்காய் உடைத்துத் துளையிடும் இயந்திரத்தை இறக்கினார்கள். மதியம் வரை வெறும் வெள்ளைத் தூசி. தலை, மீசை, சோறு எல்லாம் வெள்ளை. இரண்டு மணிக்குத் தூசி ஈரமானது. மணியம் கையைத் தூக்கினார். அடுத்த நிமிடம் லோரியை விட உயரமாகத் தண்ணீர் பீறிட்டது! நான் சட்டையோடு நனைந்து கத்தினேன். அக்கா சிரித்தபடியே அழுதார்.

புதுக் கிணற்றைக் கழுவ ஒரு மணி நேரம் தண்ணீரை வெளியே தள்ளினார்கள். பிறகு அக்கா பித்தளைக் குடத்தில் பிடித்தார். முதல் குடம் தோட்டத்து முனியாண்டி சாமிக்குப் போக வேண்டும் என்பது இங்கே வழக்கம். இடுப்பில் ஏற்றும்போது பக்கத்து மாட்டுக்கொட்டகைத் தேவராஜ் வேலிக்கு வந்தார்.

"பத்மா, என் பம்ப் காத்தைத்தான் இழுக்குது." மணியத்திடம் திரும்பினார். "அண்ணே, லோரியை இங்க திருப்புங்க. இதைவிட நூறு அடி ஆழமா போடணும்."

மணியம் அக்காவைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அப்புறம் நான் அதுக்குக் கீழ, நீ அதுக்கும் கீழ. பாதாளத்துக்கே போனாலும் அங்கயும் வேலி போட்டுத்தான் நிப்பே நீ!"

சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போய்க் குடத்தை மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தார்.

"முனியாண்டிக்கு அடுத்த குடம். என் கிணத்துலேருந்து பைப்பு இழுத்துக்க. காலையில மாடு, சாயங்காலம் கொடி."

"கொடிக்குப் போதுமா?" என்றார் தேவராஜ்.

"போதாது. பாதியை வெட்டிடுவேன்."

தேவராஜ் பைப்பு எடுக்கப் போனார்.

"ஒரு வேலை போச்சு எனக்கு" என்று சிரித்துக்கொண்டே மணியம் இன்ஜினை நிறுத்தினார். அந்த அமைதியில்தான் கேட்டது. துரியான் தோப்பில் பம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.