கணிதப் பிரிவுக்கு ஒரு நேரசூசி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இலவசமாக எது வந்தாலும் கூடவே ஒரு கேமராவும் வரும். கூரைத் தகரம் வந்தால் ஒரு முனையை வாங்குகிறவர் பிடிக்க வேண்டும், மறுமுனையைக் கொடுக்கிறவர் பிடிப்பார்; இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். நான் சின்ன வகுப்பில் பாடசாலைப் பை வாங்கிய படம் இன்னமும் யாருடைய பேஸ்புக்கிலோ கிடக்கிறது. பை அந்த மழைக்காலத்தையே தாண்டவில்லை.

அதனால் எக்செலுக்கு ஒரு ஆட்-இன் சும்மா கிடைக்கிறது என்று படித்தபோது எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. ஆட்-இன் என்றால் பெரிய விசயமில்லை. எக்செலோடு ஒட்டிக்கொண்டு, எக்செலால் முடியாத ஒரு வேலையை அதற்குள்ளிருந்தே செய்து கொடுக்கும் சின்ன மென்பொருள். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் சிலர் எழுதி, எழுதிய வரிகளையும் எல்லாரும் பார்க்கட்டும் என்று திறந்து போட்டிருந்தார்கள்.

"ஃப்ரீயா தர்றாங்களே, அவங்களுக்கு என்னா லாபம்க்கா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"தெரியலடி. படம் புடிக்கக்கூட யாரும் வரலியே."

அது எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உயர்தரப் பரீட்சை முடித்துப் பல்கலைக்கழக அழைப்புக்காகக் காத்திருந்த நேரம். ஹட்டன் நகரத்துக்கு மேலே, நான் படித்த அதே தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாகச் சின்ன வகுப்புகளுக்குக் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில் பிரதி அதிபர் எழுந்து, புதிதாக வரும் உயர்தர வகுப்புக்குக் கணிதப் பிரிவு கிடையாது என்று அறிவித்தார். வருசா வருசம் எந்த வகுப்புக்கு எந்த நேரம் எந்தப் பாடம் என்று பாடசாலைக்கு நேரசூசி போடுகிறவர் அவர்தான். பெரிய சார்ட் பேப்பரில் கலர் பென்சிலால் கட்டம் கட்டி, அழித்து அழித்து எழுதுவார்.

"அறை இல்ல, ஆளு இல்ல, நேரமும் இல்ல. கணக்கு வேணும்னா ஹட்டனுக்குப் போகட்டும். இல்லாட்டி ஆர்ட்ஸ் செய்யட்டும். ஆர்ட்ஸ் செஞ்சவங்க யாரும் கெட்டா போய்ட்டாங்க?"

கெட்டுப் போகவில்லைதான். விரும்பிப் படித்தால் கலைப்பிரிவும் நல்ல பிரிவுதான். ஆனால் கணிதத்துக்கு விண்ணப்பித்திருந்தவர்களில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். இருட்டோடு இறங்கும் பஸ்ஸில் ஏறி, டியூசனும் முடித்து இருட்டோடு திரும்ப எந்த வீட்டில் அனுப்புவார்கள்? ஹட்டனுக்குப் போகட்டும் என்றால் கணக்குப் படிக்காமல் இருக்கட்டும் என்றுதான் அர்த்தம். அந்தப் பட்டியலில் என் தங்கச்சியும் இருந்தாள்.

நேரசூசி என்பது விதி அல்ல, கணக்கு. கணக்கென்றால் போட்டுப் பார்க்கலாம். பிரதி அதிபரிடமே போய், "என்னென்ன நிபந்தனை இருக்குன்னு சொல்லுங்க சேர், நான் எக்செல்ல போட்டுப் பாக்குறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார். கணித ஆசிரியர் கினிகத்தேனையிலிருந்து வருகிறவர். ஹட்டனில் பஸ் மாறி மேலே ஏறுவதற்குள் முதல் பாடவேளை முடிந்துவிடும். பௌதிகவியல் ஆசிரியர் வாரத்தில் பாதி வேறு பாடசாலைக்கு. மண்டபத்தில் பலகைத் தட்டி மட்டும்தான் தடுப்பு, அதனால் சங்கீத வகுப்புக்குப் பக்கத்தில் எதையும் வைக்கக் கூடாது. தகரக் கூரை வகுப்புகளில் மத்தியானம் வாயால் நடத்தும் பாடம் கூடாது. மழை பிடித்தால் ஆசிரியர் கத்துவது அவருக்கே கேட்காது. இப்படிச் சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் ஆம், இல்லை என்று கட்டங்களாக்கினேன்.

எக்செலில் ஏற்கெனவே இருக்கும் 'சொல்வர்' என்ற தீர்வுதேடி, கட்டங்கள் அளவுக்கு மேல் போய்விட்டன என்று கையை விரித்தது. அந்த எல்லை இல்லாத ஒன்றைத் தேடிப் போனபோதுதான் அந்த இலவச ஆட்-இன் கிடைத்தது. போன் டேட்டாவில் இறக்கி, என் பழைய லெப்டொப்பில் ஏற்றி, ஆசிரியர் அறைக்கே கொண்டு போனேன். திறந்ததும் மேலே மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை விழுந்தது.

"வைரசு! மஞ்சக் கோடு போடுது பாருங்க," என்று பிரதி அதிபர் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"என் லெப்டொப்தானே சேர்? செத்தா அது சாகட்டும்."

அனுமதி கொடுத்து ஓட விட்டேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சாத்தியமான தீர்வு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி வந்தது.

பிரதி அதிபர் மேசையில் தட்டிச் சிரித்தார். "நான் தமிழ்ல சொன்னத அது இங்கிலீசுல சொல்லுது, அவ்வளவுதான். போய்ப் புள்ளைங்களப் பாரு புள்ள."

எனக்குக் காது வரை சுட்டது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது: அது முடியாது என்று சொல்லவில்லை. இந்த நிபந்தனைகள் அத்தனையும் சேர்ந்திருந்தால் முடியாது என்றுதான் சொன்னது. அப்படியானால் எந்த நிபந்தனை கழுத்தைப் பிடிக்கிறது?

மறுநாள் இடைவேளையில் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டினேன். கினிகத்தேனை பஸ்ஸை நேரத்துக்கு வரவைத்துப் பார்த்தேன், தீர்வில்லை. மழையை நிறுத்திப் பார்த்தேன், அதற்கும் இல்லை. சங்கீதத்தையே ஒழித்துப் பார்த்தேன், மாட்டேன் என்றது. கடைசிப் பக்கமாக ஒரு வரி கிடந்தது: கணினி அறையில் வகுப்பு வைக்கக் கூடாது. அதைக் கழற்றியதும் கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. பஸ் அதே பஸ், மழை அதே மழை. ஆளும் போதும், நேரமும் போதும். பூட்டிக் கிடந்த ஓர் அறைதான் வழியை மறித்துக்கொண்டிருந்தது.

யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த கணினிகள் அதில் இருந்தன. நாடா வெட்டிய பிறகு உறை போட்டு மூடியவைதான். மேலதிகாரிகள் வரும் நாளில் திறந்து தூசி தட்டுவார்கள். நிரம்பிய நேரசூசியைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"அது முடியவே முடியாது," என்றார் பிரதி அதிபர். இந்த முறை சிரிக்கவில்லை. "பொறுப்பேத்தது நான். ஒண்ணு ஒடஞ்சாலும் என் கையெழுத்துக்குத்தான் வந்து நிப்பாங்க."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. புரிந்தது என்பதற்காக விட்டுவிட முடியுமா?

"கையெழுத்து கம்ப்யூட்டருக்குத்தானே சேர் போட்டீங்க? அறைக்கா போட்டீங்க?"

"ரெண்டுக்கும் சாவி ஒண்ணுதான்."

"சரிங்க. அப்ப அறை இல்லன்னு சொல்லாதீங்க. அறை இருக்கு, தொறக்க மாட்டேன்னு சொல்லுங்க. கணக்கு இல்லாத உங்க நேரசூசியையும் கணக்கு இருக்குற இதையும் பக்கத்துல பக்கத்துல போர்ட்ல ஒட்டுறேன். பெத்தவங்க வந்து வாசிச்சுக்கட்டும்."



"ரொம்பத்தான் வாய் நீளுது உனக்கு."

"இந்தப் பள்ளிக்கூடத்துலதான் சேர் படிச்சேன்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கணித ஆசிரியர் நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு, "நான் பஸ்ல நின்னுக்கிட்டேதான் வர்றேன் சேர்," என்றார். "இங்கயும் நின்னுக்கிட்டே படிச்சுக் குடுக்குறேன். கதிரகூட வேணாம். கதவ மட்டும் தொறந்து விடுங்க."

பிரதி அதிபர் அந்தத் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தார். கலர் பென்சிலால் அழித்து அழித்து எழுதியவருக்கு ஒரு நேரசூசியில் பிழை இருந்தால் கண்ணில் படும். பிழை இல்லை. மேசை மேல் சாவியை வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பதுதான் சரி. "உறையில கை வைக்கக் கூடாது."

திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளையில் வகுப்பு தொடங்கியது. அந்த அறையில் கரும்பலகையே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கதவின் உட்பக்கம் கரும்பச்சைப் பெயின்ட். ஆசிரியர் அதிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். நான் வெண்கட்டிப் பெட்டியோடு போனபோது பிரதி அதிபர் வெளியே நின்று, உறைகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து தங்கச்சியின் குரல் கேட்டது. "தள்ளாதீங்க சேர்! கணக்கு செவரப் பாத்துத் திரும்பிருது!"

"ஒரு நிமிசம் இருங்க," என்றார் கணித ஆசிரியர். "வகையீட்டுக் கணக்கு பாதியில நிக்குது."

பிரதி அதிபர் கையை எடுத்தார். முடியும் வரை இருவரும் வெளியிலேயே நின்றோம்.